எல்மர் ஷ்ராட்டின் முகச்சூடு

எல்மர் ஷ்ராட்டின் முகம் அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வெட்கத்தால் சிவந்தது. பிறகு ஆறவே இல்லை. அடுத்த வாரத்துக்குள் அதன் சூட்டில் மேஜைமேலிருந்த வெண்ணெய் உருகத் தொடங்கியது. அந்த வருஷம் கெட்டல்பெர்க்கில் உருளைக்கிழங்கு விளைச்சல் சுமார், ஏரி நவம்பரிலேயே உறைந்தது, எல்மரின் முகம் சுட்டது. ஊரில் யாரைக் கேட்டாலும் மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள். விஸ்கான்சின் குளிரில் வாழ்கிறவர்களுக்கு எது வந்தாலும் முதலில் அதன் சூடு எவ்வளவு என்றுதான் பார்க்கத் தோன்றும்.

நடந்தது டீட்ஸ்மான் கடையில். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த முதல் டீட்ஸ்மான் கட்டிய கடை அது. முன்பாதி கறிக்கடை: கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரல் சாசேஜும் புகைபோட்ட பன்றித்தொடையும், பக்கத்தில் புளித்த முட்டைக்கோஸ் பீப்பாய். பின்பாதி பீர்க்கூடம். கூடத்தின் நடுவே எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேஜை, அதன்மேல் ஒரு பித்தளைப் பலகை. அது வாடிக்கை மேஜை என்பதற்கு அந்தப் பலகைதான் அடையாளம். அந்த எட்டுப் பேரைத் தவிர, கடையில் நிற்க இடமில்லாத நாளில்கூட, வேறு யாரும் அங்கே உட்காரக் கூடாது. ஆளுநரே வந்தாலும் ஓரமாக நிற்க வேண்டியதுதான் என்று பெருமையடிப்பார்கள். ஆளுநர் எங்கே அந்தப் பக்கம் வரப்போகிறார், அது வேறு விஷயம். எட்டில் ஒருவர் செத்தால் அவர் நாற்காலியை மேஜைமேல் சாய்த்து வைப்பார்கள். புது ஆள் யார் என்று மற்ற ஏழு பேரும் முடிவுசெய்யும்வரை அது சாய்ந்தே இருக்கும். மூப்பில் முதல் ஆளான எல்மர், இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், இந்தச் சட்டத்தை வேதத்துக்கு ஒரு படி மேலாகவே காப்பாற்றி வந்தார்.

அந்த அக்டோபரில் சாய்ந்திருந்தது ஆர்னோ கோப்பின் நாற்காலி. எல்மரின் வலப்பக்கத்து ஆள். முப்பது வருஷம் இருவரும் ஒரே கடுகுக் கிண்ணத்தில் கத்தியை விட்டவர்கள். ஆர்னோவைப் புதைத்த பின் வந்த முதல் வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி அடெலின் கடைக்கு வந்தாள். கறுப்புக் கோட்டைக் கழற்றாமல் நேரே மேஜைக்குப் போய், நாற்காலியை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தாள். பரிமாறும் கார்லீன் ஒன்றும் யோசிக்காமல் அவளுக்கும் மீனும் உருளைக்கிழங்கு அடையும் கொண்டுவந்து வைத்தாள். அடெலின் முதல் துண்டைப் பிட்டபோது எல்மர் பித்தளைப் பலகையை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார்.

“அடெலின், தப்பா நெனச்சுக்காத. இது மேஜைக்காரங்க இடம். கார்லீன் உனக்கு வேற நல்ல இடமா பார்த்துக் குடுப்பா.”

மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. மற்ற ஆறு பேரும் மீனில் முள் தேடினார்கள். முள்ளெடுத்த மீனைத்தான் டீட்ஸ்மான் கடையில் வறுப்பார்கள் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அடெலின் பலகையைப் பார்த்தாள், ஆறு உச்சந்தலைகளையும் பார்த்தாள். எழுந்து, தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய், சாசேஜ் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்து நின்றபடியே சாப்பிட்டாள். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு சாத்தியதும் எல்மருக்குக் காது மடல் சுட்டது. கடுகு காரம் என்று நினைத்து ஒரு வாய் பீர் குடித்தார்.

கடுகு இல்லை. மறு வெள்ளிக்கிழமை கார்லீன் ரொட்டியை வைக்கும்போது, கேட்காமலே சொன்னாள்: “ஆர்னோ சாகறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனாராம், பெரியவரே. ‘வீட்ல தனியா சாப்பிடாத, அடெலின். வெள்ளிக்கிழமை என் நாற்காலியில போய் ஒக்காரு. அவங்கெல்லாம் நம்ம ஆளுங்க, பார்த்துக்குவாங்க’ன்னு.” அப்போதுதான் வெண்ணெய் உருகியது. எல்மருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

வைத்தியர் ஒரு களிம்பு கொடுத்தார். அது முகத்தில் பொரிந்தது. பாதிரியார், மனஸ்தாபத்தை நேரில் போய்த் தீர்த்துக்கொள் என்று நல்ல புத்திதான் சொன்னார், ஆனால் ஜனவரி பிறந்ததும், கோயில் குளிருக்கு இதமாக, முதல் வரிசையில் வந்து உட்காரும்படி கேட்டுக்கொண்டார். எல்மர் அடெலின் வீட்டுக்கும் போனார். அவர் ஏற ஏறப் படியிலிருந்த பனி உருகி ஓடியது. அவள் கதவைப் பாதி திறந்து நின்றாள்.

“முகம் சுடுதுன்னு வந்தியா, மனசு சுடுதுன்னு வந்தியா?”

எல்மர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். “தெரியல,” என்றார்.

“தெரிஞ்சப்புறம் வா,” என்று கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு ஆறு குளிர்காலம் போயிற்று. அடெலின் செவ்வாய்க்கிழமைகளில் கடைக்கு வருவாள், கால் பவுண்டு ஈரல் சாசேஜ் வாங்குவாள், பின்பாதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். அவள் சமையலறையில் ஒற்றைத் தட்டோடு உட்கார்ந்திருப்பது தெருவில் போகிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? ஊருக்கு எல்மரின் முகம் பழகிவிட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைக்காரர் லோரென்ஸ் டீட்ஸ்மான் முதலில் கறி கெட்டுவிடும் என்று பயந்து எல்மரைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார். பிறகு கூடத்துக்குக் கணப்பே போடாமல் விட்டார், எல்மருக்கு சூப் இலவசம் என்றார். எல்மரின் பீர் மட்டும் எப்போதும் வெதுவெதுவென்றிருந்தது. அதையும் ஒரு தண்டனை போலக் குடித்தார். மற்ற மேஜைகளிலிருந்து, “எல்மர், கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பேன், கெழங்கு ஆறிப்போச்சு,” என்பார்கள். அவரும் திரும்புவார். மேஜைக்காரர்கள் ஆறு பேரும் அந்தச் சூட்டில் கையைக் காய்ச்சிக்கொண்டே, அவள் அன்றைக்கு வந்ததுதான் தப்பு, சட்டம் என்றால் சட்டம்தானே என்று அவரைத் தேற்றினார்கள். ஆர்னோவின் நாற்காலிக்கு மட்டும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பேச்சை எடுத்தாலே எல்மரின் முகத்தில் சூடு ஏறி, பக்கத்து ஆளின் புருவம் கருகியது.

ஏழாவது குளிர்காலத்தில், ஒரு ஜனவரி வெள்ளிக்கிழமை, ரைன்ஹோல்ட் புஷ் என்ற மேஜைக்காரன் நனைந்த பூட்ஸைக் கழற்றி எல்மரின் முகத்துக்கு நேரே காயவைத்துவிட்டுச் சொன்னான்: “எல்மர், உனக்குப் புண்ணியமாப் போகும், அடெலின்கிட்ட மட்டும் சமாதானமாயிடாதப்பா. எங்களுக்குக் குளிரும்!”

கூடமே சிரித்தது. எல்மரும் சிரித்துவிட்டார். சிரித்த வாய் மூடுவதற்குள் அவருக்கு உள்ளே என்னவோ அறுந்தது. தன் அவமானம் இவர்களுக்குக் கணப்பாகிவிட்டது, அதில் பூட்ஸ் காய்கிறது, தானும் கூடச் சேர்ந்து இளிக்கிறோம். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்தார். எழுந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய், சாசேஜ் பெட்டிமேல் வைத்து நின்றபடி சாப்பிடத் தொடங்கினார்.

“யோவ், தொடைக்கறியெல்லாம் வேர்க்குதுய்யா!” என்று லோரென்ஸ் கத்தினார். எல்மர் கறிக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. பின்னால் கூடம் குளிர்ந்துபோயிற்று. மேஜைக்காரர்கள் கோட்டோடு சாப்பிட்டார்கள், திட்டினார்கள், கெஞ்சினார்கள். அவர் திரும்பவில்லை.

பிப்ரவரியில், பாட்டுக்குழுப் பயிற்சி முடிந்து போய்க்கொண்டிருந்த அடெலின், கடைக் கண்ணாடியில் பனி படியாமல் ஓர் ஆள் அகலத்துக்குத் தெளிவாக இருப்பதையும், அதற்குள் சிவந்த ஒரு முகம் மெல்லுவதையும் பார்த்தாள். உள்ளே வந்தாள்.

“ஏன் நின்னுக்கிட்டு சாப்பிடற?”

“எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னுதான்.”

“எப்படி இருக்கு?”

“முழுங்க முடியல, அடெலின்.”

“எனக்கும் முடியல,” என்றாள் அவள். “ஆனா முழுங்கினேன். நீங்கெல்லாம் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே.”

“பார்க்கல,” என்றார் எல்மர். “ஒருத்தனும் நிமிர்ந்து பார்க்கல. அதுதான் மனசைச் சுடுது. என் முகம் ஆறாட்டிப் போகுது, விடு. நீ போய் அவன் எடத்துல ஒக்காந்து சாப்பிடு. நான் இங்கயே நிக்கறேன்.”

அடெலின் அவருடைய தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நடந்தாள். எல்மர் தட்டில்லாமல் பின்னால் போனார். அவள் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். தட்டைப் பக்கத்து இடத்தில் வைத்து, “ஒக்காரு,” என்றாள். “மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத. மன்னிக்கல. ஆறு வருஷமா சுவத்தைப் பார்த்துச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு, அவ்வளவுதான். கார்லீன், எனக்கு மீன் கொண்டா.”

எல்மரின் முகம் ஆறவில்லை. அப்போதுதான் ரைன்ஹோல்ட் புஷ்ஷுக்குக் காது சிவந்தது. அன்றும் கழற்றி வைத்திருந்த பூட்ஸை மேஜைக்கடியில் தள்ளிவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்தான். சிவப்பு கழுத்துக்கு இறங்கியது. அவனுக்கடுத்தவனுக்கு நெற்றி, அதற்கடுத்தவனுக்குக் கன்னம். ஆறு பேருக்கும் முகம் பற்றிக்கொண்டது. வெண்ணெய் மட்டுமில்லை, மெழுகுவத்தியும் வளைந்தது. மீன் வந்தது, அடெலின் பிட்டு வாயில் போட்டாள். ஆறு பேரில் ஒருவன் தலை நிமிராமலே கடுகுக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

“அப்பாடா, என்ன புழுக்கம் இங்க,” என்று அவள் கோட்டைக் கழற்றி நாற்காலிமேல் போட்டாள். “லோரென்ஸ், அந்த ஜன்னலைத் தொறந்து விடுப்பா.”

பிப்ரவரிக் குளிரில் லோரென்ஸ் ஜன்னலைத் திறந்தார். அன்று முதல் வெள்ளிக்கிழமைகளில் அடெலின் வரும் நேரத்துக்கு அதைத் திறந்துவைப்பது கடையின் வழக்கமாயிற்று.