ஐந்தாவது பெல்ட்

ஏழு மாதத்தில் நாலாவது தடவையாக ஸ்கூட்டர் நடுரோட்டில் உயிரை விட்டபோது, அதன் சொந்தக்காரி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியின் முகப்பு விளக்கை நேருக்கு நேர் பார்த்துக் கேட்டாள்: "உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் நன்றாக உறுமியது. வண்டி மட்டும் அசையவில்லை. எஞ்சினிலிருந்து பின்சக்கரத்தைச் சுற்றவைக்கும் ரப்பர் பெல்ட் அறுந்துவிட்டது என்று யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அது அறுபடும் முறையே அவளுக்கு அத்துப்படியாகியிருந்தது. முதலில் ஒரு கருகல் நாற்றம், பிறகு 'பட்' என்று ஒரு சத்தம், பிறகு மூடிக்குள் யாரோ செருப்பால் நாலு சாத்து சாத்துவது போல ஓர் ஓசை. அப்புறம் அமைதி.

அவள் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்ப்பது அவள் வேலை. 'ஊசி அக்கா' என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளைப் போல உலகத்தில் கோபக்காரர்கள் கிடையாது. பத்து நிமிஷம் தாமதமானால் கையை நீட்டும்போதே முறைப்பார்கள். ஊசி குத்தாமலே "ஆ" என்பார்கள். அதனால் அவள் ஸ்கூட்டரைக் கொஞ்சம் விரைவாக ஓட்டுவாள். 'கொஞ்சம்' என்பது அவளுடைய கணக்கு.

வண்டி நின்ற இடத்திலிருந்து அவள் ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். வண்டியை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போக, வழக்கம்போல, கணவர் வந்தார்.

அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சாது. கடையில் யாராவது கண்ணாடி கழன்று விழுகிறது என்று வந்தால், குண்டூசித் தலையளவு திருகாணியை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திருகி, "ஒரு சுத்து டைட் வச்சிருக்கேன், இனி அசையாது" என்று புன்னகையோடு கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியின் ஸ்கூட்டரைக் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, பளபளவென்று நிறுத்துவார். வண்டி நின்றுபோனால் எவ்வளவு தூரமானாலும் வேர்த்து விறுவிறுத்துத் தானே தள்ளிக்கொண்டு போவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் தங்கள் கணவன்மார்களிடம் அவரை உதாரணம் காட்டிப் பேசியதில், அந்தத் தெருவில் ஆண்கள் யாரும் அவரோடு அவ்வளவாகப் பழகுவதில்லை.

மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். ஒவ்வொரு தடவையும் வண்டியைக் கொடுக்கும்போது, "இனிமே வராதும்மா" என்பார். 'இந்தக் கோளாறு இனி வராது' என்பது அதன் பொருள். அவளும் கணவரும் வீட்டில் அவரை 'இனிமே-வராது' என்றே குறிப்பிட்டார்கள்.

முதல் பெல்ட் அறுந்தபோது அவர், "வண்டிக்கு மூணு வயசாச்சு, இது இயற்கை மரணம்" என்றார். ஏழு வாரத்தில் இரண்டாவது போனபோது, "போலிச் சாமான், என்னையே ஏமாத்திட்டான்" என்று பெல்ட் விற்றவனைத் திட்டினார். மூன்றாவது போனபோது உள்ளே எங்கோ எண்ணெய் கசிந்திருந்ததைக் கண்டுபிடித்து, புதையல் எடுத்தவர் போலக் கறுத்த விரலை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதுதாம்மா வில்லன். எண்ணெய் பட்டா ரப்பர் ஊறிப்போயிடும்." எண்ணெய் கசியாமல் அடைக்கும் 'சீல்' வளையத்தை மாற்றினார். கூடவே உள்ளேயிருந்த ரோலர்கள் ஆறையும் மாற்றினார். "இனிமே வராது."

நாலாவது அறுந்த அன்று அவர் மூடியைத் திறந்து வெகுநேரம் உள்ளே உற்றுப் பார்த்தார். கிளட்சின் இரும்புக் கிண்ணம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. பின்சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் கட்டைகள் கருகிக் கண்ணாடி போல மின்னின.

சாயங்காலம் அவள் வந்ததும் நேரடியாகவே கேட்டார். "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்க."

"நானா?"

"ஆக்சிலேட்டர் ஒரு பக்கம் இழுக்குது, பிரேக் ஒரு பக்கம் இழுக்குது. நடுவுல மாட்டிக்கிட்டது பெல்ட். வழுக்கி, சூடேறி, அறுந்துடுது. புதுசா ஓட்டுறவங்க பயத்துல அப்படித்தான்..."

"பயமா? எனக்கா?" அவள் குரலில் கடைக்குள் இருந்த ஸ்பேனர்களே ஒரு தரம் நடுங்கியிருக்கும். "நாப்பத்திரண்டு வயசுல வண்டி கத்துக்கிட்டவ நான். மூணு வருஷமா ஒரு நாள் கீழ விழலை. பிரேக்கே எனக்குப் பிடிக்காது!"

"அப்போ நாளைக்கு உங்க பின்னாடி உக்காந்து வரேன். பாத்துடுவோம்."

"வாங்க."

மறுநாள் காலையில் புதுப் பெல்ட் மாட்டிய வண்டியில் மெக்கானிக் பின்னால் ஏறினார். மடியில் ஐஸ் பெட்டி. கிளம்பும்போது, "பிரேக் பிடிக்கிற இடது கையைத்தான் பாத்துட்டே வருவேன்" என்று எச்சரிக்கையாகச் சொன்னார். பதினோரு வீடு, மூன்று மாடிக் குடியிருப்பு, ஒரு ரயில்வே கேட். இரண்டரை மணி நேரம் கழித்துத் தன் கடை வாசலில் இறங்கியவர், கொஞ்ச நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார்.

"என்ன அண்ணே, பிடிச்சேனா பிரேக்கை?"

"இல்லம்மா," என்றார் மெல்ல. "நீங்க பிரேக்கே பிடிக்கல."

அவள் வெற்றியோடு தலையசைத்தாள். மெக்கானிக் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "அடுத்த தடவை வண்டி நின்னா எங்கயும் தள்ளாதீங்க. தொடாதீங்க. நின்ன இடத்துலயே இருக்கட்டும். போன் பண்ணுங்க, நான் வரேன். என்ன நிலமையில நிக்குதோ அப்படியே பாக்கணும்."

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம், வயசான மனுஷன். அவரை எதுக்கு அலைய விடணும்? நானே தள்ளிட்டுப் போறேனே."

"உங்களுக்கு மட்டும் வயசு இருபதா?" என்றாள் அவள். இப்படி ஒரு கணவன் யாருக்குக் கிடைப்பான் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம் ஓடியது. வண்டி ஆரம்பத்தில் அம்பாகப் பறந்தது, போகப் போக மந்தமானது, பெட்ரோலை மடக்மடக்கென்று குடித்தது. அவள் இன்னும் அழுத்தித் திருகினாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வீடுகளை முடித்துவிட்டு, கணவரைக் கடையில் இறக்கிவிட அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். அவர் வழக்கமாகப் போகும் பஸ் போன வருஷம் வேறு வழிக்கு மாறியதிலிருந்து இதுதான் ஏற்பாடு. மேம்பாலத்தில் ஏறும்போது கருகல் நாற்றம். பட். நாலு செருப்படி. அமைதி.

அவள் வண்டியை ஓரம் கட்டி நிறுத்தி உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"நீ பெட்டியை எடுத்துக்கிட்டு ஆட்டோல போ," என்றார் கணவர். "ரத்தம் சூடாயிடும். நான் பாத்துக்கறேன்."

"ஐஸ் நிறைய இருக்கு. இன்னிக்கு என்னன்னு பாக்காம நகர மாட்டேன்."

"வெயில் ஏறுது. கீழ இறங்கி நிழல்ல நில்லேன்."

"இங்கயே நிக்கறேன்."

"டீ குடிக்கறியா? பாலத்துக்குக் கீழ கடை இருக்கு."

"வேண்டாங்க."

அவர் கொஞ்ச நேரம் பாலத்தின் கீழே போகும் வண்டிகளை எண்ணினார். பிறகு மெதுவாக வண்டியின் பின்பக்கம் போய், சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"என்ன பண்றீங்க?"

"ஷூ கயிறு அவுந்துபோச்சு."

அவள் எட்டிப் பார்த்தாள். அவர் காலில் இருந்தது செருப்பு.

அதற்குள் மெக்கானிக் பழைய பைக்கில் வந்து சேர்ந்தார். வந்தவர் பெல்ட் இருக்கும் பக்கம் போகவே இல்லை. வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஒரு தள்ளு தள்ளினார். அது எருமை மாதிரி நின்றது. இன்னொரு தள்ளு. அரை அடி நகர்ந்து முனகியது. பாட்டிலிலிருந்து தண்ணீரைப் பின்சக்கரத்தின் நடுவில் கொஞ்சம் தெளித்தார். தோசைக்கல்லில் தெளித்ததுபோல் சுர்ரென்று ஆவி வந்தது.

"பெல்ட் அறுந்த வண்டி சும்மா உருளணும்," என்றார். "இது பிரேக்கைக் கடிச்சுக்கிட்டு நிக்குது." குனிந்து, பிரேக் கம்பியின் முனையிலிருந்த நட்டை விரலால் தொட்டார். "இதைத் திருகத் திருக பிரேக் இறுகும். கடைசி மரை வரைக்கும் ஏத்தியிருக்கு. நான் வச்ச இடத்துலேருந்து முழுசா பதினஞ்சு சுத்து. இது தானா ஏறாது. யாரோ வாரா வாரம் ஸ்பேனரை வச்சுத் திருகியிருக்காங்க. இந்தக் கோலத்துல வண்டியை ஒரு தெரு தள்ள முடியாது. அப்போ என்கிட்ட வரும்போது மட்டும் எப்படி லூசா வந்துச்சு?"

அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். மெக்கானிக் கணவரைப் பார்த்தார். கணவர் செருப்பைப் பார்த்தார். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்பேனரின் தலை எட்டிப் பார்த்தது.

"தள்ளறதுக்கு முன்னாடி லூஸ் பண்ணிடுவேன்," என்றார் கணவர், கண்ணாடிக் கடைக்காரரின் பணிவான குரலில். "இல்லாட்டி நகராது."

"திருகினதும் நீங்களா?"

"ஞாயித்துக்கிழமை. கழுவும்போது. ரெண்டே ரெண்டு சுத்து." நிறுத்தி, எச்சில் விழுங்கிச் சொன்னார்: "நீ ரொம்ப வேகமாப் போறேம்மா."

மேம்பாலத்தில் இரண்டு லாரிகள் அடுத்தடுத்துப் போயின.

"வேகமா?" என்றாள் அவள். "அண்ணே, நீங்க சொல்லுங்க. நீங்களும் வந்தீங்களே. நான் வேகமாவா ஓட்டறேன்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். தொழில் தர்மத்துக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே அவர் கொஞ்சம் தவித்தார். "நீங்க பிரேக் பிடிக்கலைன்னு சொன்னேன்ல? அது பாத்துச் சொன்னதில்லம்மா. முதல் திருப்பத்துலயே கண்ணை மூடிட்டேன். ஒரு தடவையாவது வண்டி வேகம் குறைஞ்ச மாதிரி தெரியல, அதை வச்சுச் சொன்னேன்."

கணவர் அவரை நன்றியோடு பார்த்தார். இருவரும் ஒரே விபத்தில் தப்பியவர்கள் போல நின்றார்கள். அவள் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எதிரே வந்த ஆட்டோவை மறித்து ஏறிப் போய்விட்டாள்.

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. பேசவேண்டிய செய்திகளைச் சுவருக்குச் சொன்னாள். "சாப்பாடு மேசையில இருக்கு" என்று சுவருக்கு. "பால் வாங்கணும்" என்று சுவருக்கு. அவரும் பதிலைச் சுவருக்கே சொன்னார். வண்டி மெக்கானிக் கடையில் நின்றது. அவள் பஸ்ஸிலும் ஆட்டோவிலும் அலைந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாம் முறைத்தார்கள்.

அவளை உறுத்தியது பெல்ட் இல்லை. அந்த வண்டி அவள் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதை முதன்முதலில் தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தபோது, வாசலில் நின்று கைதட்டியவர் இதே மனுஷன்தான். கைதட்டின கை எப்படி அதைத் திருகியது?

நாலாம் நாள் காலை, சுவரை விட்டுவிட்டு அவரிடமே கேட்டாள். "ஏன் வாயைத் திறந்து சொல்லல?"

"சொன்னேனே. முதல் நாளே, பின்னாடி உக்காந்து. 'மெதுவா, மெதுவா'ன்னு கத்தினேன். நீ திரும்பி 'என்ன?'ன்னு கேட்ட. ரோட்டைப் பாக்காம என்னைப் பாத்துக் கேட்ட. அந்த பயத்துல 'ஒண்ணுமில்ல'ன்னுட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். "கடைக்குப் போக வேற பஸ் பிடிச்சிருக்கலாம்ல? என் வண்டியை எதுக்கு நாசம் பண்ணணும்?"

"எனக்காகத் திருகினேன்னா நினைச்சே?" என்றார் அவர். "என்னை ஏத்திக்கிட்டுப் போறது கால் மணி நேரம். கண்ணை மூடினாப் போச்சு. நீ தனியாப் போறது மூணு மணி நேரம். நீ எப்படி ஓட்டுறேன்னு பாக்கறதுக்கு முன்னாடி நிம்மதியாத் தூங்கினேன். பாத்ததுக்கப்புறம் தினமும் ஒன்பது மணி வரைக்கும் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நட்டைத் திருகினா வண்டி நாப்பதுக்கு மேல போகாதுன்னு தெரிஞ்சுது. அப்புறம் கொஞ்சம் மூச்சு விட்டேன். நீ ஆசையா ஓட்டறதைக் கெடுக்கவும் மனசு வரல."

அடுப்பில் பால் பொங்கியது. இருவருமே பார்க்கவில்லை. வழிந்து தீய்ந்த பிறகுதான் அணைத்தார்கள்.

அன்று சாயங்காலம் வண்டியை எடுக்க இருவரும் சேர்ந்தே போனார்கள். மெக்கானிக் புதுப் பெல்ட், புதுப் பிரேக் கட்டை எல்லாம் போட்டு, அந்த நட்டின் மேல் சிவப்புப் பெயிண்ட் பூசியிருந்தார். "சார், நட்டைத் தொட்டா இந்தப் பெயிண்ட் விரிசல் விடும், எனக்குத் தெரிஞ்சுடும்," என்று கணவரைப் பார்த்து விரலை ஆட்டினார். "அம்மா, நீங்களும் கொஞ்சம் பாத்து. அந்த ரயில்வே கேட்டை நினைச்சா இன்னும் தூக்கம் வரலை."

அதற்குப் பிறகு அவள் ஆறு மணிக்குப் பதில் ஐந்தரைக்குக் கிளம்புகிறாள். அரை மணி கையிலிருந்தால் அவசரம் பாதியாகிவிடுகிறது. அதற்காகக் கணவர் அவளுக்கும் முன்னால் எழுந்து டீ போட்டு, ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களில் பெயர்ச் சீட்டு ஒட்டித் தருகிறார். அவர் கையெழுத்து நல்ல கையெழுத்து. ஒரு பெயரும் இதுவரை மாறவில்லை. ஒவ்வொரு வீடு முடிந்ததும் அவள் போனில் ஒரு புள்ளி மட்டும் அனுப்புவாள். பதினோரு புள்ளி வந்துவிட்டால் அவர் குளிக்கப் போவார்.

பெல்ட் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அறுபடவில்லை. ஐம்பதுக்கு மேல் போவதில்லை என்று அவள் சத்தியம் செய்திருக்கிறாள். மேம்பால இறக்கத்தில் மட்டும் அது கணக்கில் சேராதாம். பின்னால் உட்கார்ந்திருப்பவர் இப்போதெல்லாம் 'ஒண்ணுமில்ல' என்று சொல்வதில்லை. அவள் காதருகே குனிந்து, "ஐம்பத்தஞ்சு, ஐம்பத்தஞ்சு!" என்று கத்துகிறார். அவள் திரும்பாமல், "காது கேக்குது, மெதுவாச் சொல்லுங்க" என்கிறாள்.