வீடு வரைக்கும் வராத தூசி

அமலாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மாட்டிக்கொள்வது புருஷன் விநாயக்தான். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. தூசிப் புகாரை விசாரிக்கும் அதிகாரியின் மேஜைமேல் அவர்களுடைய லேப்டாப் இருந்தது, அதில் வீடியோ நொண்டியடித்துக்கொண்டிருந்தது. தங்கச் சுரங்கம் தின்று துப்பிய மண்ணெல்லாம் மலையாகக் குவிந்து கிடக்கும் சயனைடு மேட்டிலிருந்து ஆடிக்காற்றில் தூசி கிளம்பி, சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீடுகள்மேல் இறங்குவதை அவளே கூரையேறிப் படம்பிடித்திருந்தாள். இப்போது அந்தத் தூசி ஓரடி நகர்வதும் ஒரேயடியாக நிற்பதுமாக இருந்தது.

“பேட்டரி மிச்சம் பண்றேன்னு இன்னாத்தயோ அமுக்கி வெச்சிருக்க. ரயில்ல படம் பாக்கறதுக்குத்தானே உனக்கு இது?” என்று பல்லைக் கடித்தாள்.

தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருபவன் விநாயக். சார்ஜ் நிற்க வேண்டுமென்று பேட்டரி சேவரில் போட்டு வைத்திருந்தது உண்மைதான். சார்ஜரைச் செருகினான், சேவரை நீக்கி முழு வேகத்துக்கு மாற்றினான்.

“நோடம்மா, இங்க பாரு” என்றார் அதிகாரி. “மேட்டு மேல செடி நட்டாச்சு. தூசி வீடு வரைக்கும் வர்றதே இல்ல. ஆதாரம் இல்லன்னா இன்னிக்கே கம்ப்ளைன்ட்ட க்ளோஸ் பண்ணிடுவேன்.”

வர்றதே இல்லையாம்! அமலா வீட்டில் சோற்றுக்கு மூடி, குடத்துக்கு மூடி, டிவிக்குப் பழைய புடவை. மாமியார் மங்கம்மா காற்றுக்காலம் முழுக்க மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு இருமுகிறாள். ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலியைத் தேய்க்கிற மனுஷன் வர்றதே இல்லை என்கிறார்.

முழு வேகத்தில் வீடியோ ஜோராக ஓடியது. மேடு புகைந்தது. கொடியில் கிடந்த துணியெல்லாம் வெளுத்தது. தூசி முதல் வீட்டு வாசலை நெருங்கும் நேரத்தில் படம் மறுபடி திக்கித்திணறி, பொசுக்கென்று லேப்டாப்பே அணைந்துவிட்டது.

“போச்சா? சனியனே!” என்று கத்தினாள். லேப்டாப்பைச் சொன்னாளா, புருஷனைச் சொன்னாளா என்பது அவளுக்கே தெரியாது.

விநாயக் அடிப்பக்கம் கைவைத்துப் பார்த்தான். “கொதிக்குது அமலா. முழு வேகத்துல போட்டதும் சூடு ஏறிப்போச்சு. உள்ள ஃபேன் காத்தே வெளிய வரல, எதுவோ அடைச்சிருக்கு. கொஞ்சம் ஆறட்டும்.”

“நிதானமா ஆறட்டும். அடுத்த வருஷம் புதுசா ஒரு கம்ப்ளைன்ட் குடுங்க” என்று சிரித்தபடி அதிகாரி ஃபைலை விரித்து, பேனா மூடியைக் கழற்றினார்.

அந்தச் சிரிப்புதான் அவளைக் கிளப்பிவிட்டது. லேப்டாப்பை இரண்டு கையாலும் பிடுங்கித் தூக்கினாள். அவர் தலைமேல் போடப்போகிறாள் என்று விநாயக் பதறி எழுந்தான். அவளோ அதை மேஜைமேல் ஓங்கிக் குத்தினாள். பக்கவாட்டுத் துளைகளிலிருந்து பொலபொலவென்று ஃபைல்மேல் மாவாகக் கொட்டியது.

சாம்பல் வெளுப்பில், நைசாக. தினமும் காலையில் வீட்டில் துடைக்கிற அதே தூசி. இன்னொரு குத்து குத்தினாள், இன்னும் கொட்டியது. மின்விசிறிக் காற்றில் அது எழும்ப, அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்து கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“இன்னாத்துக்கு சார் மூக்கப் பொத்தறீங்க? இது வூட்டுக்கு வந்தா அலமாரியில துணி சுத்தி வெக்கற பொட்டி. இதுக்குள்ளயே இவ்ளோ பூந்திருக்கு. எங்க மாமியாரு நெஞ்ச எந்தத் துணி சுத்தி வெக்கறது?”

அவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை மூடியிருந்த தூசியைத் தட்டிவிடக் கையை நீட்டினார். அமலா அந்தக் கையைத் தடுத்தாள்.

“தொடைக்காதீங்க. நீங்க கேட்ட ஆதாரம் அது.”