ஆறாம் எண் சட்டை

காலை ஒன்பது மணிக்கே, உடுப்பறையைப் பார்த்துக்கொள்கிற ஆமை அண்ணன் வாளியோடு வந்து நின்றார். துணி ஊறவைக்கிற நீல வாளி. அன்றைக்கு மட்டும் அதில் தண்ணீர் இல்லை. ஆட்டக்காரர்களை வாங்கவும் மாற்றிக்கொள்ளவும் கெடு முடிகிற நாளில், கால்பந்துக் கிளப்பின் உடுப்பறைக்குள் கால் வைக்கிற எல்லாரும் போனை அந்த வாளியில் போட்டுவிட வேண்டும். போன வருடம் யாரோ ஒரு சட்டையைப் படம் பிடித்து வெளியே விட்டதில், தலைவர் அறிவிப்பதற்கு முன்பே ஊர் அறிவித்துவிட்டது. அன்றிலிருந்து இந்த வாளி.

"போடும்மா தங்கச்சி."

போட்டாள். உடுப்பறையில் வேலை செய்கிற அவளைக் கிளப்பில் எல்லாரும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிடச் சின்னவர்கள்கூட. பூட்டோட தங்கச்சி என்பது தேய்ந்து தங்கச்சி ஆகிவிட்டது. பூட்டு அவளுடைய அண்ணன். ஒன்பது வருடமாக இந்தக் கிளப்பின் தடுப்பாட்டக்காரன், ஆறாம் எண். அவனைத் தாண்டிப் பந்து போகாது என்று ரசிகர்கள் வைத்த பேர். இந்தக் கிளப்பில் சட்டை முதுகிலும் அந்தப் பேரைத்தான் போடுவார்கள். வீட்டில் வைத்த பேர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும்.

அந்தப் பூட்டுக்கு ஒப்பந்தம் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது அவன் யாருடைய ஆளும் இல்லை. எந்தக் கிளப்பும் ஒரு காசு விலை கொடுக்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம். "உனக்கென்னப்பா, நீ நம்ம வீட்டுப் பிள்ளை, கடைசி நாள்ல பாத்துக்கலாம்" என்று தலைவர் தோளில் தட்டி அனுப்பியிருந்தார். இன்றைக்குத்தான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பதிவேடு மூடிவிடும். அதற்குள் கையெழுத்துப் போடாதவன் ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு ராத்திரி ரயில் பயண தூரத்தில் இருக்கிற இன்னொரு கிளப், இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதி அனுப்பியிருந்தது. மதியம் இரண்டு மணிக்குள் பதில் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அவர்கள் வேறு ஒருவனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அண்ணி எட்டு மாதக் கர்ப்பம். அண்ணனுக்குப் போக மனசே இல்லை. "நான் போனா இந்த மைதானம் என்னைத் தேடும்" என்று நேற்று ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். சோறு தட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

உடுப்பறையில் போனுக்குத்தான் தடை, ரேடியோவுக்கு இல்லை. ஜன்னலில் இருந்த ரேடியோவில் ரசிகர்கள் போன் போட்டு ஆளாளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு சார். எண்ணெய் விட்டாலும் திரும்பாது. அனுப்பிட்டு அந்த நெட்டைத் தடுப்பாட்டக்காரன் கொக்கைக் கொண்டு வாங்க."

"கொக்குக்கு ரெண்டு சின்னப் பசங்களைக் குடுக்கணுமாமே? குடுத்துட்டு அடுத்த வருஷம் யாரை வெச்சு ஆடுறது, உங்க மாமனாரையா?"

கவிழ்த்த பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்த பண்டிதர் தொடையில் தட்டிச் சிரித்தார். கிளப் பேருந்தின் ஓட்டுநர். இன்றைக்குப் பேருந்துக்கு வேலை இல்லை, அவர் வாய்க்கு மட்டும்தான் வேலை. உலகத்தில் நடந்த எந்த ஆட்டக்காரன் மாற்றத்தைப் பற்றிக் கேட்டாலும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்.

"சும்மா வர்ற ஆட்டக்காரன் சும்மா வரமாட்டான் ஆமை. கூடவே ஒரு முழங்கால் வலியையும் கூட்டிட்டு வருவான். போன தடவை வந்தானே ஒருத்தன், ஆடினது மூணு ஆட்டம், படுத்தது முப்பது வாரம்."

"தங்கச்சி இருக்கா, பாத்துப் பேசுய்யா."

"நான் பூட்டைச் சொல்லலம்மா. பொதுவா சொன்னேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஏற்கெனவே மடித்து வைத்த காலுறைகளைப் பிரித்துத் திரும்ப மடித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். வந்ததும் திரும்பத் தாகம் எடுத்தது.

பத்து மணிக்குத் தாள் வந்தது. ஒட்டிய உறைக்குள் இந்தப் பருவத்துக்கான எண்களும் பேர்களும். ஆமை அண்ணன் படித்தார், படித்ததும் வழக்கம்போல் வாய்விட்டுச் சொல்லாமல் மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தார். அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

ஆறு. கொக்கு.

மேலிருந்து கீழே படித்தாள், கீழிருந்து மேலே படித்தாள். இருபத்திரண்டு பேர். அண்ணன் பேர் எந்த எண்ணுக்கு எதிரிலும் இல்லை.

"ஆமை அண்ணே..."

"பாத்தேம்மா. ரெண்டாம் தாள் ஒண்ணு வரும். வருஷா வருஷம் வருதே. மூணு மணி வாக்குல வரும்."

"அதுல இருக்குமா?"

"எனக்கென்னம்மா தெரியும், துணி துவைக்கிறவனுக்கு."

மூன்று மணி. அண்ணனுக்கு இருப்பதோ இரண்டு மணி வரைக்கும்தான்.

பண்டிதர் எட்டித் தாளைப் பார்த்துவிட்டார். "முடிஞ்சது. எண்ணைக் குடுத்துட்டாங்கன்னா ஆளையும் கழட்டி விட்டாச்சுன்னு அர்த்தம்."

"அப்படி ஒண்ணும் கிடையாது," என்றார் ஆமை அண்ணன். "புதுசா வர்றவன் எனக்கு இந்த எண்தான் வேணும்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்குவான். பழையவனுக்கு வேற எண் குடுப்பாங்க. நம்ம கோல்கீப்பர் இல்ல, ஒண்ணாம் எண்ணை விட்டுட்டுப் பன்னெண்டுல ஆறு வருஷம் நின்னாரே?"

"அது கோல்கீப்பர். கைக்கு வயசாகாது. இது கால்."

"நீ வண்டிய மட்டும் ஓட்டுய்யா."

"ஓட்டுறதாலதான்யா சொல்றேன். யாரு ஏறுவா, யாரு இறங்குவான்னு கண்ணாடியிலேயே தெரியும் எனக்கு."

இருவரும் பழைய கணக்கெல்லாம் எடுத்து ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். இவர் ஒரு ஆளைச் சொன்னால் அவர் எதிராக இரண்டு ஆளைச் சொன்னார். ஆமை அண்ணன் பேசும்போது அவளுக்கு மூச்சு வந்தது. பண்டிதர் பேசும்போது நின்றது. யார் சொல்வது சரி என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்டாலும் அவள் வாயிலிருந்து வராது. பள்ளிக்கூடத்தை விட்டதே வகுப்பில் எழுந்து பேசச் சொன்னதால்தான் என்று அண்ணன் இன்னும் கேலி செய்வான்.

கைகள் மட்டும் வேலை செய்தன. வெட்டிய எழுத்துகளைச் சட்டை முதுகில் அடுக்கி, மேலே வழுவழுத்த தாளைப் போட்டு, பிரஸ் மெஷினின் தட்டை இறக்கிப் பதினைந்து வரை எண்ண வேண்டும். ஒன்பது வருடமாக ஆறுக்கு மேலே பூட்டு என்று இருந்த இடத்தில் கொக்கு என்று அடுக்கினாள். இரண்டு பேருக்கும் மூன்று மூன்று எழுத்து இடம். அளவு மாற்றக்கூடத் தேவைப்படவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் துண்டுகளை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனபோது, தலைவர் அறைக்கு வெளியே நீள இருக்கையில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். கல்யாணங்களுக்குப் போடுகிற சட்டை. எதிர் மேசையில் அலுவலகக் குமாஸ்தா கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வாயில்லாப்பூச்சி, சாப்டியா?"

"ம். நீ?"

"தலைவர் வந்துட்டே இருக்காராம். காலையிலேருந்து வந்துட்டே இருக்கார். எந்த ஊரைச் சுத்தி வர்றாரோ." சிரித்தான். முழங்கால் மட்டும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "அந்தக் கிளப்காரங்க ரெண்டு தடவ போன் பண்ணிட்டாங்க. நான் எடுக்கல. ஒன்பது வருஷம் இருந்த இடம், இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தா என்ன?"

குமாஸ்தா தலையைத் தூக்கிப் பார்த்தார். உடுப்பறையில் பார்த்ததை வெளியே சொன்னால் அன்றே வேலை போகும் என்று அவளும் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவள் துண்டுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். மூன்று படி இறங்கி நின்றாள். திரும்ப இறங்கினாள்.

ஒன்றே காலுக்குப் புகைப்பட அறையிலிருந்து ஆள் வந்து, ஆறாம் எண் சட்டை உடனே வேண்டும் என்றார். ஆமை அண்ணன் அதைக் கறுப்பு உறையில் போட்டு இழுத்து மூடி அவள் கையில் கொடுத்தார். "நேரா கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

புகைப்பட அறைக்கு அந்த நீள இருக்கையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

படியேறும்போது உறை கையில் கனத்தது. இரண்டாம் தாளில் பேர் இருந்தால்? இல்லாவிட்டால்? இருக்கும் என்று நம்பி வாயை மூடிக்கொண்டு, மூன்று மணிக்கு இல்லையென்று ஆகிவிட்டால் அண்ணனுக்கு இந்தக் கிளப்பும் இல்லை, அந்தக் கிளப்பும் இல்லை. அடுத்த மாதம் பிறக்கப்போகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான். படி முடிகிற இடத்தில் அவள் உறையைத் திறந்தாள். சட்டையை எடுத்து, முதுகுப் பக்கம் வெளியே தெரிய முன்கையில் போட்டுக்கொண்டாள். உறையை மடித்து அக்குளில் இடுக்கினாள். நடந்தாள்.

அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துத்தான் நடந்தாள். இருக்கை அருகே வந்ததும் அடிகள் தாமாகவே குறுகின. ஆடிக்கொண்டிருந்த முழங்கால் ஆடாமல் நின்றது மட்டும் தெரிந்தது.

பின்னால் அண்ணன் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. "சார், கொஞ்சம் வெளிய போயிட்டு வர்றேன்," என்றான் குமாஸ்தாவிடம். குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது.

குமாஸ்தா பார்த்தாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. உடுப்பறைக்குத் திரும்பியதிலிருந்து கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தாள். ஒரு முறை வந்தது சோப்புத்தூள். இன்னொரு முறை வந்தது யாரோ தொலைத்த ஒற்றை ஷூ.

இரண்டே முக்காலுக்கு இரண்டாம் தாள் வந்தது. ஆமை அண்ணன் பிரித்ததும் துள்ளினார். அவர் துள்ளி யாரும் பார்த்ததில்லை.

"பாத்தியா! நான் சொல்லல? நாலாம் எண், பூட்டு! டேய் பண்டிதா, உன் கண்ணாடியக் கழட்டிக் கடாசு!"

அவள் தாளை வாங்கினாள். நான்கு. பூட்டு. பக்கத்துக் கட்டத்தில், சட்டை: ஐந்து.

உடுப்பறைக்கு மட்டும் தெரிந்த பாஷை அது. ஓரத்தில் உட்கார வைக்கப் போகிறவனுக்கு ஒரு சட்டை தைப்பார்கள். எல்லா ஆட்டத்திலும் இறக்கப் போகிறவனுக்குத்தான் ஐந்து. அண்ணனை அவர்கள் விடவில்லை. நிஜமாகவே வேண்டும் என்றுதான் வைத்திருந்தார்கள். வேண்டும் என்று சொல்ல மட்டும் சோம்பல் பட்டிருந்தார்கள்.

வாளிக்குள் கையை விட்டுத் தன் போனை எடுத்தாள். "ஏய் தங்கச்சி!" என்று ஆமை அண்ணன் கத்தியது காதில் விழவில்லை. அண்ணன் எண் அணைந்து கிடந்தது. திரும்ப அடித்தாள். மாடிக்கு ஓடினாள். நீள இருக்கை காலியாக இருந்தது. "அப்பவே போயிட்டாரேம்மா," என்றார் குமாஸ்தா. கீழே இறங்கி வந்தபோது ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது: பூட்டு போய்விட்டார், இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

காலையில் துருப்பிடித்துவிட்டது என்ற அதே குரல் மறுபடி போனில் வந்தது. "இது மகா அநியாயம் சார். பூட்டை விட்டுட்டு வீட்டைத் திறந்து போட்டிருக்காங்க."

"நான் காலையிலேயே சொன்னேன்," என்றார் பண்டிதர். என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லாமல் எழுந்து போனார்.

ஆமை அண்ணன் அவளைப் பார்த்தார். அவளுடைய அக்குளில் மடிந்து இருந்து, பிறகு மேசையில் கசங்கிக் கிடந்த கறுப்பு உறையைப் பார்த்தார். சந்தோஷத்தில் அவர் ஒரு நாலாம் எண் சட்டையை அதற்குள் அடித்தே முடித்திருந்தார். மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார். "நாலை நிறுத்தச் சொல்றாங்க. அதை உரிச்சிடும்மா," என்றார்.

நான்கு மணிக்கு அண்ணன் தன்னுடைய ஷூக்களை எடுக்க வந்தான். கண் சிவந்திருந்தது. ஆனால் தோள் நிமிர்ந்திருந்தது.

"நீ மட்டும் இன்னிக்கு அப்படி நடந்து போகலைன்னா, நான் அந்த இருக்கையிலேயே வேர்விட்டிருப்பேன்," என்றான் குனிந்து மெதுவாக. "உங்க அண்ணிகிட்ட சொன்னேன். உன் தங்கச்சிக்கு வாய்தான் இல்ல, மூளை ஏகப்பட்டதுங்கறா."

அவள் சட்டையை மறைக்கப் பார்த்தாள். கிடுக்கியில் பாதி உரிந்த எழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. மீதி இரண்டு எழுத்தை அவன் படித்துவிட்டான்.

"இது என்னது? என்னோடதா?"

"ரெண்டாம் தாள் வந்துச்சு."

"அப்ப வெச்சிருந்தாங்களா என்னை?" குரல் மாறிவிட்டது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஒன்பது வருடத்தில் அவனுக்கும் உடுப்பறைப் பாஷை தெரியும். "எத்தனை சட்டை?"

தாள் அவளுடைய ஏப்ரன் பையில் இருந்தது. ராத்திரி ரயிலில் ஏறி உட்காரப் போகிறவன், இரண்டு வருடம் அங்கே ஓடப் போகிறவன், அந்தப் பதிலைக் கூடவே கொண்டு போவான். ஆமை அண்ணன் துணி மடிப்பதை நிறுத்தியிருந்தார்.

"ஒண்ணு," என்றாள்.

குரல் நடுங்கவே இல்லை. வகுப்பில் ஒரு நாளும் வராத குரல்.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். இதோ, இதுதான்."

அண்ணன் ஒரு நொடி அந்தச் சட்டையைப் பார்த்தான். பிறகு பெரிதாக மூச்சை விட்டான். சிரிப்பு வந்தது. "ஒண்ணே ஒண்ணு! பெஞ்சு துடைக்க வெச்சிருக்கானுங்க. பாத்தியா ஆமை அண்ணே, ஒன்பது வருஷத்துக்கு ஒரு சட்டை!"

ஆமை அண்ணன் ஏதோ முனகிவிட்டுத் துணியை மடித்தார்.

அண்ணன் ஷூக்களைக் கயிற்றால் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனான். நடைபாதையில் யாரிடமோ சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவது கேட்டது: "ஒரே ஒரு சட்டைப்பா!"

அவள் அடுத்த எழுத்தின் ஓரத்தில் கிடுக்கியை வைத்தாள். சூடு ஆறிவிட்டிருந்தது, எழுத்து வரவில்லை. தட்டை மறுபடி இறக்கிப் பதினைந்து எண்ணத் தொடங்கினாள். எட்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினாள்.