இணைப்பு: ஒரு பிடி நார்

திருச்சி கண்டோன்மெண்டில், சர்க்கார் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கும் தெருவில், புங்கமரத்தடியில் டைப்ரைட்டரோடு உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மனு எழுதித் தந்த ஷேக் தாவூதுக்கு ஒரு கொள்கை உண்டு. வெறுங்காகிதத்துக்கு சர்க்கார் அசையாது. எதையாவது சேர்த்துக் கோத்து அனுப்பினால்தான் மேஜையில் இருப்பவன் நிமிர்ந்து பார்ப்பான். ரேஷன் அரிசியில் கல் என்றால் அந்தக் கல்லையே பொட்டலம் கட்டி மனுவோடு அனுப்புவார். மன்னார்புரம் ரோட்டைப் பற்றிய புகாரோடு அறுந்த செருப்பு ஒன்று போயிற்று. கடைசி வரியில் 'இணைப்பு' என்று இங்கிலீஷில் அடித்துவிட்டுத் தாடியைத் தடவிக்கொள்வார். பாதி மனுக்களுக்குப் பலன் கிடைக்கவும் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

1958 பங்குனியில் பிச்சை வந்தார். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையில் கொஞ்சம் நிலமும் மாடு பூட்டி இறைக்கும் ஒரு கமலைக் கிணறும் வைத்திருந்தவர். உலகச் சண்டையின்போது பட்டாளத்தில் சேர்ந்து இத்தாலி வரை போய் வந்தவர். பையிலிருந்து ஒரு பிடி நாரை எடுத்து மேஜைமேல் வைத்தார். வெள்ளையாக, பளபளவென்று, ஆள் நீளத்துக்கு இருந்தது.

"இழுத்துப் பாருங்க பாய்."

தாவூது இழுத்தார். கைதான் சிவந்தது.

"எந்த நாருங்க இது? சணப்பா?"

"கஞ்சாச் செடி நாரு."

தாவூது கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார்.

"பயப்படாதீங்க பாய். இத்தாலியில ஊரு ஊரா இதைத்தான் போடுறான். பூக்குறதுக்கு முன்னாடியே அறுத்து, குட்டையில ஊறப்போட்டு உரிச்சா கயிறு, சாக்கு, துணி எல்லாம் ஆகும். இந்த ஜாதியப் புகைச்சா தலைவலிதான் மிச்சம். ஒரு பிடி விதை கொண்டாந்தேன். வருஷா வருஷம் வேலியோரமா பத்துச் செடி போட்டு விதையக் காப்பாத்தி வெச்சிருக்கேன். நெறையா போடணும்னா சர்க்கார் அனுமதி வேணும்ல."

ஏன் இந்தப் பாடு என்று தாவூது கேட்டார். பிச்சை பட்டாளத்துக்குப் போகுமுன், கமலை இறைக்கும்போது தென்னங்கயிறு அறுந்து, அதன்மேல் உட்கார்ந்து மாடு ஓட்டிய அவருடைய அண்ணன் கல்லில் விழுந்து செத்துப்போனாராம். இப்போது அந்தக் கமலையில் பிச்சை இந்த நாரில் திரித்த கயிறுதான் ஓடுகிறது. மூன்று வருஷமாக ஒரு புரி விடவில்லை.

அந்த மனுஷன் பேசியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று தாவூதுக்குத் தோன்றியது. சாராயத்தையும் கஞ்சாவையும் ஒழிப்பதற்குப் போட்ட சட்டத்தில் கயிற்றுக்கும் சாக்குக்கும் ஒரு சந்து விடக் கூடாதா என்று அவருக்கே கோபம் வந்தது. மூன்று பக்கம் அடித்தார். அவர் எழுதியதிலேயே அதுதான் நல்ல மனு. அடித்து முடித்ததும் பழைய புத்தி வந்தது.

"நார் மட்டும் போதாது. ஒரு செடிய வேரோட பிடுங்கிட்டு வாங்க. பாத்தாத்தானே ஆபீசருக்குப் புரியும்."

"செடியுமா பாய்? தப்பாயிடாதா?"

"நீங்களே சர்க்காருக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கேக்குறீங்க. தப்பு பண்றவன் மனு கொடுப்பானா?"

பிச்சைக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாள் ஈரத்துணியில் சுற்றிச் செடியைக் கொண்டுவந்தார்.

மனு போன நாலாம் நாள் கொள்ளிடக் கரைக்கு ஜீப் போயிற்று. செடிகளைப் பிடுங்கினார்கள், விதைப் பானையை எடுத்துக்கொண்டார்கள், பிச்சையையும் ஏற்றிக்கொண்டார்கள். கமலையில் கிடந்த கயிறு என்னவென்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தாண்டிக் குதித்துத்தான் போனார்கள்.

கோர்ட்டில் வேறு சாட்சியே தேவைப்படவில்லை. வேலியோரம் வருஷா வருஷம் பயிர் செய்கிறேன் என்று அவரே எழுதியிருக்கிறார், செடியையும் கொடுத்திருக்கிறார். மாஜிஸ்திரேட் கெட்டவர் இல்லை. மனுவை இரண்டு தரம் படித்தார். பிறகு ஆறு மாதம் என்றார்.

பின்வரிசையில் தாவூது உட்கார்ந்திருந்தார். எழுந்து, "செடியக் கொண்டுவரச் சொன்னது நான்தாங்க" என்று சொல்ல வாய் வரை வந்தது. பக்கத்திலிருந்த வக்கீல் முழங்காலை அழுத்தினார். "சொன்னா அவரை விட்டுற மாட்டாங்க பாய். ரெண்டு பேரா ஆயிருவீங்க." மகள் சுராயாவுக்கு நிக்காஹ் நாள் குறித்திருந்தது. அவர் உட்கார்ந்தே இருந்தார். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. விடுதலை கேட்டு நாலு மனு எழுதினார். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஆடி மாதம் பிச்சையின் பெண்சாதி ரெங்கம்மாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி வந்தாள். கையில் ஒரு கடிதமும் மஞ்சள் பையும் இருந்தன.

"சர்க்கார் கடுதாசி வந்திருக்கு பாய். படிச்சுச் சொல்லுங்க."

படித்தார். வேறொரு இலாகா. மனு எப்படியோ அங்கேயும் கைமாறிப் போயிருக்கிறது. பிச்சையைப் பிடித்ததே அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. நார்ப்பயிர் குறித்த தங்கள் யோசனை கவனத்துக்குரியது; நாரின் இழுவை பலத்தைச் சோதிக்க மாதிரி வேண்டும்; பதினைந்து நாளில் வராவிட்டால் கோரிக்கை முடிக்கப்படும்.

ரெங்கம்மாளின் முகம் மலர்ந்துபோனது. "அனுமதி வந்துட்டா என்னை விட்டுருவாங்கன்னு ஜெயில்ல சொன்னாரு." பையைக் கவிழ்த்தாள். கமலைக் கயிற்றில் ஒரு முழம் வெட்டிக் கொண்டுவந்திருந்தாள். "இதை வெச்சு அனுப்புங்க. சேத்து அனுப்புனாத்தானே பாப்பாங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

தாவூது கயிற்றைக் கையில் எடுத்தார். இதை அனுப்பினால் அடுத்த ஜீப் இவளுக்கு வரும். அனுப்பாவிட்டால் விதை கொண்டுவந்ததிலிருந்து பிச்சை பட்ட பதின்மூன்று வருஷப் பாடு பதினைந்தாம் நாள் முடிந்துபோகும். எந்த மேஜையைத் தட்டி யாரிடம் சொல்வது என்று, ஊருக்கே வழி சொன்ன மனுஷனுக்குத் தெரியவில்லை.

காகிதத்தைச் செருகி அடித்தார். மனுதாரர் சிறையில் உள்ளார். மாதிரி அனுப்ப இயலவில்லை. அவகாசம் தர வேண்டுகிறேன். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது. பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, 'இணைப்பு: இல்லை' என்று அடித்தார்.

எழுத்து தெரியாத ரெங்கம்மாள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கயித்தப் பத்தி எழுதிட்டீங்களா பாய்?"

"எழுதிட்டேம்மா."

மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் விரலை நன்றாக அழுத்தி, அந்த வரிக்குக் கீழேயே ரேகை வைத்தாள்.