ஏற்றத்தில் பதில் சொல்லாத மிதி

ஐஸ் தொழிற்சாலைக்கும் மீன் சந்தைக்கும் நடுவே ஒரே ஒரு ஏற்றம்தான். இந்த வாரம் அங்கேதான், காலையில் ஐஸோடு போகும் அவளுடைய பிக்கப் இரண்டு முறை மானத்தை வாங்கியது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால், பாதித் தூக்கத்தில் எழுப்பப்பட்டவனைப் போல எஞ்சின் சற்று யோசித்துவிட்டுத்தான் குரல் கொடுத்தது. ஒரு சைக்கிள்காரர்கூட முந்திப் போனார், அதுவும் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

சந்தை மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்று ஏழரைக்குள் ஐஸ் வராவிட்டால், நாளையிலிருந்து வேறு வண்டி.

ஆறேகாலுக்குத் தொழிற்சாலை முற்றத்தில் ஐஸ் கட்டிகளை ஏற்றி முடித்த நாத்தனார், தார்ப்பாயை இழுத்துக் கட்டினாள்.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க அண்ணி."

"டீசல் ஃபில்டர் மாத்தினாரு, ஏர் ஃபில்டர் மாத்தினாரு. இனிமே டிரைவரைத்தான் மாத்தணும்னு சொல்லுவாரு."

"அதுவும் நல்ல யோசனைதான்."

"வாயாடாம டார்ச்சைப் பிடிடி."

பாரம்தான் காரணம் என்று மெக்கானிக் அடித்துச் சொல்லியிருந்தார். ஆனால் நேற்று மத்தியானம் இதைவிடக் கனமான சிமெண்ட் மூட்டைகளோடு அதே ஏற்றத்தில் வண்டி பறந்தது. காலையில் இருக்கிற, மத்தியானத்தில் இல்லாமல் போகிற விஷயம் எது?

கதவைத் திறந்து குனிந்தாள். காலடி ரப்பர் விரிப்பு நனைந்து கிடந்தது. தொழிற்சாலையில் ஐஸ் அச்சுகள் உப்புநீரில் மூழ்கிக் கிடப்பவை. தூக்கும்போது முற்றமெல்லாம் வழியும். அதில் நின்று ஏற்றிவிட்டு, அதே ரப்பர் பூட்ஸோடுதான் தினமும் வண்டியில் ஏறுகிறாள். ஆக்ஸிலேட்டர் மிதியிலிருந்து எஞ்சினுக்குத் தகவல் கொண்டுபோகும் ஒயரின் செருகி தரையை ஒட்டியே இருந்தது. மத்தியானத்துக்குள் எல்லாம் காய்ந்துவிடும். அவள் ஏறி எஞ்சினைக் கிளப்பினாள்.

"நான் பாதி மிதிச்சு அப்படியே வெச்சிருக்கேன். நீ அந்த ஒயரை மெதுவா ஆட்டு."

நாத்தனாரின் விரல் பட்டதும், சீராக உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் தொண்டை அடைத்ததுபோல் இறங்கியது.

"ஐயோ, நான் ஒண்ணும் பண்ணலை அண்ணி!"

"நீதான் பண்ணினே. இன்னொரு தடவை பண்ணு!"

மறுபடியும் இறங்கியது. அவள் எஞ்சினை அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, செருகியைப் பிரித்தாள். உள்ளே கம்பிகளில் பச்சைப் பாசிபோல் உப்பு பூத்திருந்தது. கிளீனர் தெளித்து, பழைய பல்துலக்கியால் ஒவ்வொன்றாகத் தேய்த்தாள்.

"ஆறு அம்பது. ஐஸ் சொட்டுது அண்ணி. இது போதும், கிளம்புங்க."

"இன்னும் ரெண்டு கம்பி இருக்கு."

"போற வழியில பாத்துக்கலாமே?"

"ஏத்தத்துல நின்னா நீயா தள்ளுவே?"

கடைசிக் கம்பியும் பளிச்சென்று ஆனபிறகே அவள் காற்றுக்குழாயால் ஊதிக் காயவைத்து, செருகியை மாட்டி, தரையிலிருந்து உயர்த்திக் கட்டினாள். பேட்டரியை இணைத்தாள். பூட்ஸைக் கழற்றிப் பின்னால் எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். மணி ஏழு ஐந்து.

ஏற்றம் வந்தது. நாத்தனார் கைப்பிடியை இறுகப் பற்றினாள். அவள் மிதித்தாள். பாதம் இறங்கிய கணமே வண்டி முன்னால் பாய்ந்தது.

சந்தை வாசலில், மேலாளர் முன்கூட்டியே வரச் சொல்லியிருந்த வேறொரு பிக்கப் காலியாக நின்றிருந்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு இருபத்தெட்டு.

"இன்னிக்கு வந்துட்டே. நாளைக்கு?"

"நாளைக்கு ஏழு இருபதுக்கு வர்றேன். அந்த வண்டியை நகர்த்தச் சொல்லுங்க, ஐஸ் இறக்கணும்."