நூற்றுப் பதினெட்டாவது பெயர்

திருபுவனை தொழிற்பேட்டையில் இருந்த அந்த அட்டைப்பெட்டி ஆலைக்குக் கம்ப்யூட்டர் வந்தது 1988இல். அதே முதலாளிக்கு விழுப்புரத்திலும் கடலூரிலும் ஆலைகள் உண்டு. அங்கேயும் ஒவ்வொன்று வாங்கிப் போட்டார்கள். அவற்றைக் கவனித்துக்கொள்ள இரண்டு பேரைப் பயிற்சிக்கு எடுத்தார்கள். ஒருத்தி பாகூரிலிருந்து பஸ்ஸில் வரும் செங்கமலம், கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கியவள். இன்னொருவன் வில்லியனூர் ஜாபர் அலி.

ஆறு மாதம் முடிந்ததும் மேலாளர் நிஜாமுதீன் இருவரையும் கூப்பிட்டார்.

"ஒருத்தருக்கு சர்வீஸ், ஒருத்தருக்கு புரோகிராம். சர்வீஸ்னா மூணு ஊருக்கும் அலையணும். பிரிண்டர் நின்னா, மெஷின் படுத்தா, போய்ப் பார்க்கணும். புரோகிராம்னா இங்கயே உட்கார்ந்து ஆளுங்க விவரம், சரக்கு விவரம் எல்லாத்துக்கும் ஃபைல் கட்டணும். செங்கமலம், நீதான் மொதல் மார்க். நீ எதுன்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லும்மா."

யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. ஏசி அறை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகும் மரியாதை, எல்லாவற்றுக்கும் மேலாக அவளே கட்டிய முதல் ஃபைல். முந்நூற்று நாற்பது தொழிலாளிகளின் டோக்கன் எண், பெயர், ஊர், ரத்த குரூப். அதிலிருந்து ஆளுக்கொரு அட்டை அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்தாகிவிட்டது. எல்லோரும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வந்தார்கள்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வெட்டு மெஷினில் சாமிக்கண்ணுவின் இடது கை மாட்டிக்கொண்டது.

அலறல் ஏசி அறைக்குள் வரை கேட்டது. அவள் ஓடிவருவதற்குள் அவரை வேனில் ஏற்றிவிட்டார்கள். வழியெல்லாம் ரத்தம். நிஜாமுதீன் அவருடைய அட்டையை டிரைவரின் கையில் திணித்துவிட்டுத் திரும்பிக் கத்தினார்.

"பி பாசிட்டிவ்! பி பாசிட்டிவ் ஆளுங்க யாரு யாருன்னு எடும்மா, சீக்கிரம்!"

அரை நிமிடத்தில் பட்டியல் வந்தது. நிஜாமுதீன் தாளை வாங்கிப் பெயர்களைச் சத்தமாக வாசித்தார். ஆறு பேர் ஜீப்பில் ஏறினார்கள். கடைசியாக ஏறியது மாரிமுத்து, அவளுடைய தாய்மாமன்.

ஜீப் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன வருஷம் அம்மா தையலம்மாளுக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தது மாமாதான். அம்மாவுக்கு ஓ. மாமாவுக்கும் ஓ. மாமா எப்படி பி ஆவார்?

அவள் திரும்பி ஓடிப்போய்த் திரையைப் பார்த்தாள். மாரிமுத்து, பி பாசிட்டிவ். அதற்கு நேர் மேலே உள்ளவருக்கு ஓ பாசிட்டிவ். நர்ஸின் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் மேலே போனாள். பெயர்ப் பட்டியல் ஆபீஸில் அடித்தது; ரத்தப் பட்டியல், ரத்தம் சோதிக்க ஆலையில் நடந்த முகாமுக்கு வந்த நர்ஸ் எழுதிக் கொடுத்தது. இரண்டையும் வரிக்கு வரி சேர்க்கச் சொல்லி எழுதியது அவள். நூற்றுப் பதினெட்டாவது ஆள் இருசப்பன் முகாம் அன்று லீவு. அவருக்கு நர்ஸ் வரியே போடவில்லை. இருசப்பனின் இடத்தில் அடுத்தவரின் ரத்தம் ஏறி உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து கடைசி வரை எல்லோருக்கும் அடுத்தவர் ரத்தம். கடைசி ஆளின் கட்டம் மட்டும் காலியாக வந்தபோது, அன்று லீவு போட்டவர் அவர்தான் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தாள். சாமிக்கண்ணுவின் டோக்கன் இருநூற்று ஆறு.

நர்ஸின் தாளில் அவர் பெயரைத் தேடிப் பார்த்தாள். சாமிக்கண்ணுவுக்கு ஓ.

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டாள். எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. நிஜாமுதீன் வெளியே போலீஸ்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, அப்போது வந்த பஸ்ஸில் ஏறினாள்.

உட்கார இடம் இருந்தது. அவளால் உட்கார முடியவில்லை. தப்பான ரத்தம் ஏறினால் ஆள் பிழைக்கமாட்டான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அது எத்தனை நேரத்தில் நடக்கும் என்பது தெரியாது. பஸ் வில்லியனூரில் நின்றது. அரும்பார்த்தபுரம் ரயில்வே கேட்டில் மறுபடியும் நின்றது. கேட் போட்டிருந்தது. ரயிலைக் காணோம்.

"அண்ணே, எவ்ளோ நேரம் ஆவும்?"

"வந்தா போவும்மா. நான் இன்னா பண்றது?" என்றார் கண்டக்டர்.

அவள் இறங்கி, கேட்டுக்கு அடியில் குனிந்து நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டி ஓடினாள். மூலக்குளம் வரை ஓடி, அங்கிருந்து ஆட்டோ பிடித்தாள். வழி முழுக்க ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் எங்கேயும் நிற்கவில்லை. தப்பு என்று திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. முந்நூற்று நாற்பது வரியும் அழகாக, நேராக அச்சாகி வந்தன. இரண்டு மாதமாக இந்தப் பொய் இத்தனை பேர் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் அறையில் ரோசம்மாள் என்ற நடுத்தர வயதுப் பெண் இருந்தார். செங்கமலம் மூச்சு வாங்கிக்கொண்டே தாளை நீட்டினாள்.

"அக்கா, அட்டை தப்பு. அவருக்கு ஓ. ஏத்திட்டீங்களா?"

ரோசம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அட்டையப் பாத்து நாங்க ரத்தம் ஏத்தறதில்லம்மா. நாங்களே டெஸ்ட் பண்ணிட்டோம், ஓ தான். வந்த ஆறு பேருல ரெண்டு பேருதான் ஓ. மீதி ஆளுக்கு அலைஞ்சிக்கினு கெடக்கறோம். யாரு அடிச்ச லிஸ்ட்டு இது?"

செங்கமலம் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாரிமுத்து மாமாவின் ரத்தமும் சாமிக்கண்ணுவுக்குப் போனது. இரண்டு விரல்கள் போயின, உயிர் தங்கியது. சரியான ஆட்கள் முதலிலேயே வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்குமா என்று அவள் டாக்டரிடம் கேட்க நினைத்தாள். பயந்துகொண்டு கேட்கவில்லை.

மறுநாள் நிஜாமுதீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாருகிட்டயும் சொல்லாத. ஆளுக்கு ஒண்ணும் ஆவல. லிஸ்ட்ட திருத்து, புது அட்டை அடி, பழச வாங்கிக் கிழிச்சிடு. அவ்ளோதான்."

அவள் தன் மேசைக்கு வந்து, லிஸ்ட் தப்பாகிப்போனது, சர்வீஸ் வேலையே போதும் என்று மேலாளருக்குக் கடிதம் எழுதினாள். கெட்டுப்போன மெஷின் நின்றுவிடும். நின்றதைப் போய்ப் பார்க்கலாம். பஸ்ஸில் மூன்று ஊர் அலைந்தாலும் பரவாயில்லை, தூக்கமாவது வரும்.

அவள் முதலில் நீட்டிய கடிதத்தைப் படித்ததும் ஜாபர் அலி முகம் மலர்ந்தான். "நெசமாவா? அப்ப புரோகிராம் எனக்கா? அந்த லிஸ்ட்டுல இன்னா தப்புன்னு மட்டும் காட்டு, நான் பாத்துக்கறேன்."

காட்டினாள். இருசப்பன், நூற்றுப் பதினெட்டு, வரி இல்லாத இடம். அவன் திரையைப் பார்த்துச் சிரித்தான்.

"அட, ஒரு வரி மேல ஏறிப்போச்சு. அஞ்சு நிமிஷத்துல எறக்கிடலாம். இதுக்கா இவ்ளோ பயந்த?"

நல்ல பையன்தான். கெட்டிக்காரன். ஆனால் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், ரயில்வே கேட்டில் நின்றபோதுகூட வராத பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. இருசப்பன் ஒருவர்தான் லீவா? நர்ஸின் தாளில் வேறு எங்காவது கை தவறியிருந்தால்? ஐந்து நிமிடத்தில் இறக்கிவிட்டால் யாரும் இனி அதைத் தேடமாட்டார்கள். அடுத்த வேன் புறப்படும்வரை தெரியவும் தெரியாது.

"குடு" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டாள்.

"இன்னா செங்கமலம், இப்பத்தான குடுத்த?"

"மன்னிச்சிக்க ஜாபர். நானே பாக்கறேன்."

மேலாளர் அறைக்குப் போனாள். புரோகிராம் வேலையை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் லிஸ்ட்டைத் திருத்தமாட்டேன், எல்லோருக்கும் மறுபடி ரத்தம் எடுக்கவேண்டும், ஏன் என்று ஆட்களுக்குச் சொல்லவேண்டும் என்றாள். நிஜாமுதீன் கத்தினார். வேலையை விட்டு நிறுத்திவிடுவேன் என்றார். அவள் கண்ணில் நீர் வழிய நின்றாள், ஆனால் நகரவில்லை. கடைசியில் அவர், "இன்னொரு தடவ இப்பிடி ஆனா நான் உன்ன காப்பாத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, முகாமுக்குச் சொல்லி அனுப்ப போனை எடுத்தார்.

மூன்று வாரம் கழித்து முகாம் நடந்தது. முந்நூற்று நாற்பது பேரின் டோக்கனையும் அவளே வாங்கிப் பார்த்து, பெயரைக் கேட்டு, நர்ஸ் எழுதுவதைப் பக்கத்தில் நின்று சரிபார்த்தாள். வரிசையில் சாமிக்கண்ணு கட்டுப் போட்ட கையுடன் வந்தார். இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை, இதற்காகவே வந்திருந்தார்.

"அண்ணே, உங்க அட்டையில தப்பா அடிச்சது நான்தான்."

அவர் வலது கையை நர்ஸ் முன்னால் நீட்டினார்.

"மாரிமுத்து சொன்னான்" என்றார். பிறகு அவளைப் பார்க்காமலே கேட்டார்: "இந்தவாட்டி அடிக்கப்போறது சரியா இருக்குமா?"

"ஒண்ணொண்ணா பாக்கறேன்ணே" என்றாள். அதற்கு மேல் உறுதி சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது.

"பாரு" என்றார் அவர். ஊசி ஏறியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். செங்கமலம் அவருடைய பெயருக்கு நேராக நர்ஸ் எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.