மாப்பிள்ளையின் வருகைப் பதிவு

அனந்தகிருஷ்ணனுக்கு மாமனார் போட்ட கார்டை அவனுக்கு முன்னால் பாகீரதி மாமி படித்துவிட்டாள். கல்கத்தா பவானிப்பூரில் அனந்து குடியிருந்த மாடிவீட்டுத் தபாலை எல்லாம் தபால்காரர் கீழே மாமியிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். உறை போடாத கார்டைப் படிப்பது ஒரு படிப்பே இல்லை என்பது மாமியின் கட்சி.

கார்த்திகையில் மச்சினிக்குக் கல்யாணமாம். மூத்த மாப்பிள்ளை கும்பகோணம் வந்தே ஆகவேண்டுமாம்.

மாமிக்குப் பகீரென்றது. யுனிவர்சிட்டி சட்டதிட்டம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். குமாஸ்தாவுக்கு மெட்ரிக் போதும். டாக்டருக்கு இன்டர்மீடியட்டில் ரசாயனம் வேண்டும். வக்கீலுக்கு முதலில் பி.ஏ., பிறகுதான் சட்டம். அனந்து படிக்கிற அந்தப் பி.ஏ. பரீட்சை எழுத வேண்டுமானால் ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு எழுபத்தைந்து வகுப்புக்காவது போயிருக்க வேண்டும். இரண்டே வகுப்புக் குறைந்து, கம்பெனிக் குமாஸ்தாவாகவே தங்கிவிட்டவர் அவள் கணவர் வைத்தீஸ்வரன். அந்த இரண்டு வகுப்பை இருபது வருஷமாக வீட்டில் தினமும் கேட்டவள் அவள்.

கார்டோடு மாடிக்கு ஏறினாள். அனந்துவின் அம்மா நாகலக்ஷ்மி படித்துவிட்டு, "போகாம முடியுமா? சம்பந்தி முகத்துல எப்படி முழிக்கறது?" என்றாள்.

"ஏண்டா அனந்து, சமஸ்கிருதத்துல எத்தனை போச்சு?" என்றாள் மாமி.

"இருபத்து மூணு மாமி. மொத்தம் நூத்தியிருபது, தொண்ணூறு வேணும். இன்னும் ஏழு பாக்கி இருக்கு. போயிட்டு வர சரியா ஏழுதான் போகும்." ஹைகோர்ட்டில் வாதாடுகிறவனைப் போல நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்.

நாகலக்ஷ்மி பூரித்துப்போய்க் காப்பி கலக்க உள்ளே போனாள். மாமி குரலைத் தாழ்த்தினாள்.

"உன் கல்யாணத்துக்குப் பதினாலு, ஜுரத்துக்கு ஒன்பது. சரி. ஆடி மாசம் நாலு நாள் மைதானத்துல புட்பால் பாத்தியே, அது எந்தக் கணக்குல?"

அனந்து சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கு எப்படி..."

"காலேஜுக்குப் போனவன் முழங்கால் வரைக்கும் சேறும், கத்திக் கத்திக் கட்டின தொண்டையுமா வந்தா தெரியாதா? என் ஜன்னல் என்ன சுவரா?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவார் மாமி. அதான் கூடப் படிக்கிற பிமல், நான் ஊருக்குப் போறப்போ நாலு நாள் எனக்குப் பதிலா 'பிரசன்ட் சார்' சொல்றேன்னிருக்கான்."

"அந்தக் கிளாஸ்ல குடுமி வெச்சவன் நீ ஒருத்தன்தான். பண்டிதருக்குக் காது கேக்கலைன்னாலும் கண்ணு தெரியுமோன்னோ? இன்னும் மூணே மூணுதான் உனக்கு. காப்பி வரதுக்குள்ள யோசி. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

மாமி சொன்னால் நாலு நாள் பத்து நாளாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அவனே சொன்னான். நாகலக்ஷ்மி தலையில் அடித்துக்கொண்டாள். சாயங்காலம் அப்பாவின் கத்தல் டிராம் ரோடு வரை கேட்டது. ஆனால் கத்தி முடித்த கையோடு, மாப்பிள்ளை வந்தால் பி.ஏ. போய்விடும் என்று சம்பந்திக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மாமி வாசலிலேயே படித்து, அங்கேயே சிரித்தாள்.

"மாப்பிள்ளை தயவுசெய்து வரவேண்டாம். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ. என்று ஏற்கெனவே அச்சடித்துவிட்டோம்."

மேலே போய்க் கார்டை நீட்டினாள். "நான் படிக்கலை, நாகு. கண்ணுல பட்டுது. டேய் அனந்து, மணி பத்தாகப் போறது, கிளம்பு!"